வார்ப்பது சிற்பமாகாதா? ரேச்சல் வைட்ரீட் கட்டுரைக்கு ஒரு மறுமொழி

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற வாரம் தங்கள் ஞாயிறு இணைப்பில் வெளிவந்த, பிரிட்டிஷ் சிற்பி ரேச்சல் வைட்ரீட் பற்றிய கட்டுரையை இரண்டு முறை படித்தேன். தமிழ் நாளிதழ் ஒன்று சமகாலச் சிற்பி ஒருவருக்கு முழுப் பக்கம் ஒதுக்குவது அரிது என்பதால் முதலில் என் நன்றி. ஆனால் கட்டுரையாளர் அந்தப் பக்கத்தின் பெரும்பகுதியை ஒரே ஒரு வீட்டுக்கும் அதையொட்டிய பரிசுச் சச்சரவுக்கும் செலவிட்டுவிட்டு, உளியைத் தொடாமல் அச்செடுத்தே பெயர் வாங்கிய ஒருவரைச் சிற்பி என்று சொல்லலாமா என்ற பொருள்படக் கடைசிப் பத்தியில் ஒரு கேள்வியை வீசிவிட்டு ஒதுங்கிக்கொண்டார். அந்தக் கேள்விக்காகவே இதை எழுதுகிறேன். நான் கலை விமர்சகன் அல்லன். லண்டன் கட்டட வேலைத்தளங்களில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் கான்கிரீட் பணிகளை மேற்பார்த்து ஓய்வு பெற்றவன், குடியிருப்பது இல்ஃபோர்டில். வைட்ரீட் பிறந்ததும் இதே இல்ஃபோர்டில்தான் என்பதைத் தவிர அவருக்கும் எனக்கும் எந்தத் தொடர்பும் இல்லை.

முதலில் ஒரு திருத்தம். 1993ஆம் ஆண்டு கிழக்கு லண்டனில் அவர் செய்த 'வீடு' என்னும் படைப்பைப் பற்றி எழுதும்போது, பழைய வீடு ஒன்றுக்குள் கான்கிரீட்டை ஊற்றி நிரப்பிவிட்டுச் சுவர்களை உடைத்தெடுத்தார்கள் என்று கட்டுரையாளர் சொல்கிறார். அப்படி நடக்கவில்லை, நடந்திருக்கவும் முடியாது. ஒரு கன மீட்டர் ஈரக் கான்கிரீட் ஏறத்தாழ 2,400 கிலோ எடையுள்ளது. விக்டோரியா காலத்து மூன்று தள வீடு ஒன்றின் செங்கல் சுவருக்குள் அதை அடியிலிருந்து உச்சிவரை ஊற்றினால், கீழ்த்தளம் பாதி நிறைவதற்குள் சுவர் பிதுங்கித் தெருவில் விழுந்திருக்கும். உண்மையில் செய்தது வேறு. வீட்டுக்கு அடியில் புதிய அடித்தளம் போட்டார்கள். உட்சுவர்களைத் துப்புரவாக்கி, கான்கிரீட் செங்கல்லோடு ஒட்டிக்கொள்ளாமலிருக்க ஒரு பூச்சைப் பூசினார்கள். கம்பி வலையைக் கட்டி, அதன்மேல் கான்கிரீட்டைக் குழாய் வழியாகப் பீய்ச்சி அடித்து, அறை அறையாக ஒரு கான்கிரீட் தோலை உருவாக்கினார்கள். அது இறுகிய பிறகு வெளிப்புறச் செங்கற்களை ஒவ்வொன்றாகக் கழற்றினார்கள். சுரங்கப் பாதையிலும் மலைச்சரிவுகளிலும் கையாளப்படும் அதே முறைதான் இது. இது அற்பத் திருத்தமாகத் தோன்றலாம். ஆனால் ஊற்றி நிரப்புவது என்பது வாளியில் தண்ணீர் பிடிப்பதுபோல எவரும் செய்யக்கூடிய காரியம் என்ற எண்ணத்தைத் தருகிறது. கட்டுரையாளரின் கடைசிக் கேள்வி அந்த எண்ணத்திலிருந்தே பிறந்திருக்கிறது.

எங்கள் தொழிலில் சென்ட்ரிங் பலகை என்பது ஈரக் கான்கிரீட்டைத் தாங்கி வடிவம் கொடுத்து, வேலை முடிந்ததும் பிரித்துப் போடப்படும் பொருள். பலகையின் உட்புறத்தில் ஒரு முடிச்சு இருந்தால் அந்த முடிச்சின் தழும்பு கான்கிரீட்டில் விழும். ஆணித் தலை இருந்தால் அதன் குழி விழும். அதை நாங்கள் குறை என்போம், பூசி மறைப்போம். வைட்ரீட் செய்தது இதை அப்படியே தலைகீழாகத் திருப்பியதுதான். ஏறக்குறைய நூறாண்டு காலம் மனிதர்கள் குடியிருந்த வீட்டையே அவர் சென்ட்ரிங் ஆக்கினார். நாங்கள் மறைக்கும் தழும்புகளையே அவர் காட்சிப்பொருள் ஆக்கினார். பிரித்தெடுக்கப்பட்ட பலகையின் இடத்தில்தான் செங்கல், மரம், கண்ணாடி என்று நாம் வீடு என அழைக்கும் எல்லாமும் இருந்தன.

அதை நான் நேரில் பார்த்திருக்கிறேன். 1993 டிசம்பரில் ஒரு நாள் வேலை முடிந்ததும், உடன் வேலை செய்தவர் ஒருவர் வற்புறுத்தியதால், மைல் எண்ட் நிலையத்தில் இறங்கி குரோவ் சாலை வழியாக நடந்தேன். அந்த வரிசை வீடுகள் எல்லாம் பூங்காவுக்காக ஏற்கெனவே இடிக்கப்பட்டுவிட்டன. 193ஆம் எண் வீடு மட்டும், அதில் குடியிருந்த ஓய்வுபெற்ற துறைமுகத் தொழிலாளி வெளியேற மறுத்துவந்ததால், கடைசிவரை எஞ்சியிருந்தது. அந்த வீடு நின்ற இடத்தில் சாம்பல் நிறத்தில் அதன் உள்ளிடம் நின்றது. முதலில் எனக்குக் கண் பிடிபடவில்லை. கணப்பு அடுப்பு இருந்த குழி, மேல்தளத்தில் ஒரு கட்டியாக வெளியே துருத்திக்கொண்டிருந்தது. கதவுப் பலகையின் மேடுகள் பள்ளங்களாகவும் பள்ளங்கள் மேடுகளாகவும் மாறியிருந்தன. தளத்துக்கும் தளத்துக்கும் இடையே, தரை இருந்த உயரத்தில், ஒரு கிடைக்கோட்டு வெட்டு மட்டுமே இருந்தது. எந்த அறைக்குள் நிற்க வேண்டுமோ அந்த அறை இப்போது கெட்டியாகிவிட்டது. அதற்கு வெளியே, அண்டை வீட்டார் சுவர் இருந்திருக்க வேண்டிய இடத்தில் நான் நின்றுகொண்டிருந்தேன். சுவரில் யாரோ எழுத்துப் பிழையோடு 'எதற்கு?' என்று பெரிதாக எழுதியிருந்தார்கள். அதற்கு மறுமொழியாக 'ஏன் கூடாது!' என்று வேறொரு கை எழுதியிருந்தது. அருகே நின்ற மூதாட்டி ஒருவர், மாடிப்படி இருந்த பக்கத்தைக் காட்டி, தம் வீட்டிலும் படி இப்படித்தான் வலப்பக்கம் திரும்பும் என்று யாரிடமென்றில்லாமல் சொன்னார். எனக்கு அந்தப் படைப்பு புரிந்தது அந்த ஒரு வாக்கியத்தில்தான்.

கட்டுரையில் விடுபட்ட இன்னொன்றையும் இங்கே சொல்லியாக வேண்டும். அந்த ஆண்டு செப்டம்பரில், குரோவ் சாலைப் பகுதியை நிர்வகிக்கும் டவர் ஹாம்லெட்ஸ் கவுன்சிலுக்கு நடந்த ஓர் இடைத்தேர்தலில், குடியேறிகளுக்கு எதிரான பிரிட்டிஷ் தேசியக் கட்சி தன் முதல் கவுன்சிலரைப் பெற்றிருந்தது. யாருக்கு வீடு, யாருக்கு இல்லை என்பதுதான் அப்போது அந்த வட்டாரத்தின் ஒரே பேச்சு. எங்களைப் போன்றவர்கள் மாலையில் தனியாக நடப்பதற்கே யோசித்த காலம் அது. அந்தச் சூழலில் யாரும் குடியேற முடியாத வீடு ஒன்று பொதுவெளியில் எழுந்து நின்றதனால்தான், அதைப் பற்றிய சண்டை கலைப் பக்கங்களிலிருந்து தலையங்கங்களுக்குத் தாவியது. பரிசுப் பணத்தின் கதையை விரிவாகச் சொன்ன கட்டுரையாளர் இதை ஒரு வரியிலாவது தொட்டிருக்கலாம்.

பரிசுக் கதை சுவையானதுதான், மறுக்கவில்லை. 1993 நவம்பர் 23 அன்று, பிரிட்டனின் பெயர்பெற்ற சமகாலக் கலை விருதான டர்னர் பரிசு அவருக்கு அறிவிக்கப்பட்டது. அப்பரிசைப் பெற்ற முதல் பெண் அவரே. அதே நாளில் கவுன்சிலின் வட்டாரக் குழு, 'வீடு' இடிக்கப்பட வேண்டும் என்று முடிவெடுத்தது. அதே இரவில், 'கே ஃபவுண்டேஷன்' என்ற பெயரில் இயங்கிய இருவர் ஆண்டின் மிக மோசமான கலைஞர் என்று அவரையே தேர்ந்தெடுத்து, டர்னர் பரிசின் 20,000 பவுண்டுக்கு இரு மடங்காக 40,000 பவுண்டை அறிவித்து, அவர் வாங்க மறுத்தால் எரித்துவிடுவோம் என்றார்கள். அவர் வாங்கி, வறுமையில் இருந்த கலைஞர்களுக்கும் வீடற்றோருக்காகப் பணியாற்றும் 'ஷெல்டர்' அமைப்புக்கும் கொடுத்துவிட்டார். 1994 ஜனவரி 11 அன்று இடிக்கும் இயந்திரம் வந்தது. ஆனால் இதையெல்லாம் ஒரு கலைஞரின் படைப்பை அதிகாரம் நசுக்கிய கதையாகக் கட்டுரை சித்திரிப்பது பாதி உண்மை. அந்த இடத்துக்குக் கிடைத்த அனுமதியே தற்காலிகமானது. படைப்பைத் தயாரித்த 'ஆர்ட்ஏஞ்சல்' அமைப்பும் வைட்ரீட்டும் அதை அறிந்தே தொடங்கினார்கள். நீட்டிப்புக் கேட்டார்கள், சில வாரங்கள் கிடைத்தன. நான் அன்று அங்கே நின்றபோது, இது நிலைத்திருக்க வேண்டும் என்று எனக்கும் ஆசையாக இருந்தது. பிறகு யோசித்துப் பார்த்தால், முப்பது ஆண்டு மழையில் கறுத்து, வேலி போட்டு, பலகை வைத்துப் பராமரிக்கப்படும் ஒரு 'வீடு' அந்த மூதாட்டியிடம் அந்த வாக்கியத்தை வாங்கியிருக்குமா என்பது சந்தேகமே.

அவருடைய வாழ்க்கையைக் கட்டுரை நான்கு வரியில் முடித்துவிட்டது. வைட்ரீட் 1963 ஏப்ரல் 20 அன்று பிறந்தார். அப்போது இல்ஃபோர்டு லண்டனுக்குள் வரவில்லை. எசெக்ஸ் கவுண்டியில் இருந்தது. தாய் பட்ரீசியா ஓவியர். தந்தை தாமஸ் புவியியல் ஆசிரியர், பின்னர் பாலிடெக்னிக் ஒன்றில் நிர்வாகி. இரட்டையரான இரு தமக்கைகளுக்குப் பிறகு பிறந்த கடைக்குட்டி. ஏழு வயதில் குடும்பம் லண்டனுக்கு வந்தது. 1982 முதல் 1985 வரை பிரைட்டன் பாலிடெக்னிக்கில் படித்தது ஓவியம், சிற்பம் அன்று. அங்கே சிற்பி ரிச்சர்ட் வில்சன் நடத்திய வார்ப்புப் பட்டறை ஒன்றில், மணலில் ஒரு கரண்டியை அழுத்தி, அந்தப் பள்ளத்தில் ஈயத்தைக் காய்ச்சி ஊற்றிப் பார்த்தார். வெளியே வந்தது கரண்டிபோலவே இருந்தாலும் அதன் குழிவு போய்விட்டது. எதையும் மொண்டு எடுக்க முடியாத கரண்டி. அடுத்த நாற்பது ஆண்டு வேலையின் வித்து அந்தத் துண்டு ஈயத்தில் இருக்கிறது என்று நான் சொன்னால் மிகையாகாது. பின்னர் லண்டனின் ஸ்லேட் கலைப் பள்ளியில் 1987 வரை சிற்பம் பயின்றார். ஹைகேட் கல்லறைத் தோட்டத்தில் சில காலம் வேலை பார்த்து, பழைய சவப்பெட்டிகளின் மூடிகளைச் சரிசெய்து கொடுத்ததும் இளமைக் காலத்தில்தான்.

1988இல் நடந்த முதல் தனிக் கண்காட்சியில் நான்கே படைப்புகள். அவற்றில் ஒன்று துணி அலமாரி ஒன்றின் உள்ளிடத்தைச் சாந்தில் (பிளாஸ்டரில்) வார்த்து, மேலே கறுப்புக் கம்பளித் துணி ஒட்டியது. சிறுமியாக இருந்தபோது அலமாரிக்குள் ஒளிந்துகொண்டு உட்கார்ந்திருந்த அந்த இருட்டைத்தான் அவர் கெட்டியாக்க விரும்பினார். இன்னொன்று வெந்நீர்ப் பையின் உட்புறம். சிறு குழந்தையின் உடல்போல இருக்கும். மூன்றாவது கட்டிலின் அடிப்புற வெளி. தந்தை மறைந்து அதிக நாள் ஆகாதபோது செய்தது. நான்காவது ஓர் ஒப்பனை மேசை. விலையுயர்ந்த பொருள் ஒன்றுகூட இல்லை. பழைய சாமான் கடையில் வாங்கியவை, தெருவோரம் போட்டுவிட்டுப் போனவை.

இப்போது கட்டுரையாளரின் கேள்விக்கு வருகிறேன். வார்ப்பு என்பது இயந்திரத்தனமான நகலெடுப்பு, செதுக்குவதே கலை என்ற எண்ணம் தமிழ் வாசகரிடம் எப்படி வேரூன்றியது என்பது எனக்குப் புதிர். மெழுகில் உருவம் செய்து, மேலே மண் பூசி, சூடாக்கி மெழுகை வடித்துவிட்டு, எஞ்சிய வெற்றிடத்தில் உலோகத்தை ஊற்றி, கடைசியில் மண்ணை உடைத்தெறியும் முறையில் உலகம் வியக்கும் ஐம்பொன் திருமேனிகளைச் செய்தவர்களின் மொழி நம்முடையது. சோழர் காலத்து ஸ்தபதியை அச்செடுப்பவர் என்று யாரும் ஒதுக்குவதில்லை. அவர் கை மெழுகில் வேலை செய்தது, வைட்ரீட்டின் கை எதில் வேலை செய்தது என்று கேட்டால், அது நியாயமான கேள்வி. இந்த இடத்தில் சிலர் சிதம்பர ரகசியத்தை இழுத்துவந்து, வெளியை வழிபட்டவர்கள் நாம் என்று முடிச்சுப் போடுவார்கள். எனக்கு அதில் விருப்பமில்லை. வைட்ரீட் கையாண்ட வெளி வாடகை அறைகளுக்குள்ளும் நாற்காலிக்கு அடியிலும் இருந்தது. அதை அங்கேயே வைத்துப் பார்ப்பதே மரியாதை.

அவர் கை வேலை செய்தது தீர்மானங்களில். 1990இல் செய்த 'ஆவி' என்ற படைப்பை எடுத்துக்கொள்வோம். வடக்கு லண்டனில், ஆர்ச்வே சாலையில் இருந்த விக்டோரியா காலத்து வீடு ஒன்றின் வரவேற்பறையை அவர் முழுதாக வார்த்தார். ஓர் அறையின் காற்றைப் பதம்செய்து பாதுகாக்க விரும்பியதாக அதைப் பற்றிப் பின்னர் சொன்னார். அறையைச் சாந்தால் ஒரே மூச்சில் நிரப்பி எடுக்க முடியாது. எடுத்தால் வெளியே கொண்டுவர வழியில்லை. ஆகவே சுவரைச் சதுரம் சதுரமாகப் பிரித்து, பகுதி பகுதியாக வார்த்து, பின்பு எஃகுச் சட்டத்தில் வரிசையாக மாட்ட வேண்டும். எங்கே பிரிப்பது? பிரிகோடு கதவின் நடுவே போவதா, ஓரமாகவா? கணப்பின் கரி சாந்தில் ஏறினால் துடைப்பதா, விடுவதா? அவர் விட்டுவிட்டார், இன்றும் அந்த வெள்ளைச் சாந்தில் யாரோ என்றோ மூட்டிய தீயின் கரி இருக்கிறது. மாட்டி முடித்துப் பார்த்தபோது விளக்கின் சுவிட்ச் தலைகீழாகத் தம்மை நோக்கி நின்றதாகவும், தாமே அந்த அறையின் சுவராகிவிட்டதை அப்போதுதான் உணர்ந்ததாகவும் அவர் சொல்லியிருக்கிறார். சாந்து கலப்பதில் தண்ணீர் கூடினால் வலு போகும், குறைந்தால் நுணுக்கம் பதியாமல் முன்னதாகவே இறுகிவிடும், இறுகும்போது சூடேறும், எடுக்கும் நேரம் தவறினால் ஓரம் பெயரும். முப்பது ஆண்டு அனுபவமுள்ள எங்கள் தச்சர்கள்கூட ஒரு பழைய அறையின் வாசல் சட்டத்தை ஒரு மூலையும் உடையாமல் பதிவெடுக்கச் சொன்னால் தலையைச் சொறிவார்கள். 'ஆவி' இன்று வாஷிங்டன் தேசியக் கலைக்கூடத்தில் இருக்கிறது.

பொருளைத் தேர்வதும் இத்தகைய தீர்மானமே. நாற்காலிக்கு அடியில் உள்ள வெளியை அமெரிக்கக் கலைஞர் புரூஸ் நௌமன் 1960களிலேயே கான்கிரீட்டில் ஒருமுறை வார்த்துவிட்டார். வைட்ரீட் அதை மறைக்கவில்லை. 1995இல் அதே வெளியை நூறு முறை, வெவ்வேறு நிற ரெசினில் (இறுகும் செயற்கைப் பிசினில்) வார்த்து வரிசையாக நிறுத்தினார். நௌமனின் ஒற்றைக் கட்டி ஒரு புதிர்போல இருக்க, இவருடைய நூறும் ஒளி ஊடுருவ நிற்கும்போது நூறு பேர் எழுந்து போன மண்டபம்போல ஆகிவிடுகிறது. கருத்து ஒன்றுதான், சிற்பம் வேறு. 1998இல் நியூயார்க்கின் சோஹோ பகுதியில், கூரைமேல் நிற்கும் மரத் தண்ணீர்த் தொட்டி ஒன்றின் உள்ளிடத்தைத் தெளிந்த ரெசினில் வார்த்து அதே கூரையில் ஏற்றினார். மேகமூட்டத்தில் அது இருப்பதே தெரியாது, வெயிலில் மின்னும். 2001இல் டிராஃபால்கர் சதுக்கத்தில் நிரந்தரச் சிலை எதுவும் இல்லாத நான்காவது பீடத்தின்மேல், அதே பீடத்தின் வார்ப்பை 11 டன் ரெசினில் தலைகீழாகக் கவிழ்த்து வைத்தார். தளபதிகளும் மன்னரும் நிற்கும் சதுக்கத்தில் பீடத்துக்கே சிலை. அந்தக் குறும்பு எனக்கு மிகவும் பிடிக்கும். ரெசின் இறுகும்போது வெளிவிடும் சூட்டில் பெரிய வார்ப்புகள் வெடித்துவிடும் என்பதால், அந்த அளவில் அதைச் செய்ததே ஒரு சாதனை.

வியன்னாவைப் பற்றிக் கட்டுரையில் ஒரு சொல்லும் இல்லை என்பதே எனக்கு மிகப் பெரிய குறை. நாஜிகளால் கொல்லப்பட்ட ஆஸ்திரிய யூதர்கள் 65,000 பேருக்கு ஒரு நினைவுச் சின்னம் வேண்டும் என்று, நாஜிக் குற்றவாளிகளைத் தேடிப் பிடித்ததால் அறியப்பட்ட சைமன் வீசென்தால் முன்னெடுத்த முயற்சி அது. 1996இல் வைட்ரீட்டின் திட்டம் தேர்வானது. யூதன்பிளாட்ஸ் சதுக்கத்தில் தோண்டியபோது, 1421இல் அழிக்கப்பட்ட இடைக்கால யூதத் தொழுகைக்கூடத்தின் எச்சங்கள் வெளிப்பட்டன. சுற்றுப்புற வணிகர்களின் எதிர்ப்பு, கட்சிகளின் சண்டை, யூதச் சமூகத்துக்குள்ளேயே கருத்து வேறுபாடு என்று ஆண்டுகள் ஓடின. வடிவத்தை மாற்றிக்கொள்ளச் சொன்ன குரல்களுக்கு அவர் இணங்கவில்லை. 2000 அக்டோபர் 25 அன்றுதான் திறக்கப்பட்டது.

நான் ஒருமுறை அங்கே போயிருக்கிறேன். 10 மீட்டர் நீளம், 7 மீட்டர் அகலம், 4 மீட்டருக்குச் சற்றுக் குறைந்த உயரம் கொண்ட ஒரு கான்கிரீட் அறை. அதன் வெளிச்சுவர் நான்கும் நூலகத்தின் அலமாரிகள். புத்தகங்கள் முதுகை உள்ளே திருப்பி, தாள் விளிம்பை நம்மிடம் காட்டி நிற்கின்றன. ஒன்றின் தலைப்பையும் படிக்க முடியாது. முன்புறம் இரட்டைக் கதவு, கைப்பிடி இல்லை. அடிப்பீடத்தைச் சுற்றிக் கொலைக்களங்களின் பெயர்கள். 'வீடு' பார்த்துப் பழகிய கண்ணுக்கு இங்கே ஒரு மாற்றம் பட்டது. அவர் வழக்கமாகப் புத்தக அலமாரிகளை வார்க்கும்போது புத்தகங்கள் மறைந்து அவற்றின் பின்னாலிருந்த வெற்றிடம் மட்டுமே எஞ்சும். இங்கே புத்தகங்களின் வடிவமே எஞ்சுகிறது, படிப்பதுதான் பறிக்கப்பட்டிருக்கிறது. தம் முறையை எங்கே கடைப்பிடிப்பது, எங்கே கைவிடுவது என்று தெரிந்தவரை இயந்திரத்தனமானவர் என்று எப்படிச் சொல்வது? தொழில்புத்தி விடவில்லை, யாரும் பார்க்காதபோது ஒரு தாள் விளிம்பை விரலால் தடவிப் பார்த்தேன். காற்றுக் குமிழி இல்லை, விளிம்பு நொறுங்கவில்லை. திரும்பி வரும்போது ஒரு பள்ளிக் கூட்டம் வந்தது. மாணவி ஒருத்தி நேராகப் போய்க் கதவைத் தள்ளிப் பார்த்தாள்.

மற்றவற்றைச் சுருக்கமாகவே சொல்கிறேன். 1997இல் வெனிஸ் பியன்னாலே என்னும் சர்வதேசக் கலைவிழாவில் பிரிட்டன் சார்பில் தனிக் கண்காட்சி. 2017இல் லண்டனின் டேட் பிரிட்டன் கலைக்கூடத்தில் முழு வாழ்க்கைப் பணியின் மீள்பார்வை. 2019இல், ஆண்களுக்கான 'சர்' பட்டத்துக்கு இணையான டேம் பட்டம். பட்டங்களில் எனக்கு ஆர்வமில்லை. ஆனால் 2005இல் லண்டனின் டேட் மாடர்ன் கலைக்கூடத்து விசையாழிக் கூடத்தில் அவர் அடுக்கிய பெட்டிகளைப் பற்றிச் சொல்ல வேண்டும். 2003இல் தாய் மறைந்தபின் வீட்டைக் காலிசெய்யும்போது, பல கைமாறி, ஒட்டுநாடா பிய்ந்து, நசுங்கிய ஒரு பழைய அட்டைப்பெட்டி அவர் கண்ணில் பட்டது. குழந்தைப் பருவத்தில் பொம்மைகளும் பின்னர் கிறிஸ்துமஸ் அலங்காரப் பொருள்களும் வைத்திருந்த பெட்டி. அதிலிருந்தும் அதுபோன்ற வேறு சில பெட்டிகளிலிருந்தும் அச்செடுத்து, ஒளி கசியும் வெள்ளைப் பாலிஎத்திலீனில் ஏறத்தாழ 14,000 பெட்டிகளை வார்த்து மலைபோலக் குவித்தார். சில விமர்சகர்கள் அதைக் கிடங்கு என்று கேலி செய்தார்கள். எனக்கும் அது அவருடைய சிறந்த படைப்பாகத் தோன்றவில்லை. எண்ணிக்கை பெருகப் பெருக அந்த ஒற்றைப் பெட்டியின் நசுங்கல் கண்ணுக்கு எட்டாமல் போய்விட்டது. பெற்றோரின் வீட்டைக் காலிசெய்த எவருக்கும் அந்த ஒற்றைப் பெட்டி போதும்.

அண்மைக்காலத்தில் அவர் கூட்டத்தை விட்டு விலகிப் போகிறார். ஆள் நடமாட்டம் குறைந்த இடங்களில், தேடிப் போனால் மட்டுமே தென்படும் சிறு குடிசைகளையும் படகுக் கொட்டகைகளையும் கான்கிரீட்டில் வார்த்து வைக்கிறார். அவற்றைக் கூச்சமுள்ள சிற்பங்கள் என்று அவரே அழைக்கிறார். நியூயார்க் துறைமுகத்தின் கவர்னர்ஸ் தீவில் ஒன்று. 2018இல் முதல் உலகப் போரின் நூற்றாண்டையொட்டி யார்க்‌ஷையரின் டால்பி காட்டில், போர்க்காலத்து நிசன் கொட்டகை (அரைவட்டமாக வளைந்த தகரக் கூரைக் கொட்டகை) ஒன்றின் உள்ளிடம் இன்னொன்று. பெருந்தொற்றுக் காலத்தில், 2021இல் காட்டிய இரு படைப்புகள் வார்ப்பே அல்ல; உடைந்த மரமும் தகரமும் கொண்டு கட்டி, முழுக்க வெள்ளை பூசிய சிதைந்த குடில்கள். அச்செடுப்பதைத் தவிர வேறொன்றும் அறியாதவர் என்ற பேச்சுக்கு அதுவே விடை. வார்ப்பில் இருந்த அமைதி அவற்றில் இல்லை, புயலுக்குப் பிந்தைய ஆத்திரம் இருக்கிறது. எனக்கு இன்னும் பழகவில்லை.

தாங்கள் அச்சிட்ட நிழற்படத்தைப் பற்றி ஒரு சொல். 'வீடு' படத்தின் கீழே 'இடிக்கப்படுவதற்கு முன் அந்த வீடு' என்று குறிப்பு இருக்கிறது. படத்தில் இருப்பது அந்த வீடு அன்று. வீடு அதற்கு முன்பே செங்கல் செங்கல்லாகக் கழற்றப்பட்டுவிட்டது. கான்கிரீட் பீய்ச்சப்பட்டது என்பதையும் இதையும் திருத்தமாக அடுத்த இதழில் வெளியிட வேண்டுகிறேன். லண்டன் வாசகர்கள் யாரேனும் குரோவ் சாலைக்குப் போய்த் தேட நினைத்தால், அங்கே புல்வெளி மட்டுமே உள்ளது. அதற்குப் பதிலாக ஆல்ட்கேட் ஈஸ்ட் நிலையத்தை ஒட்டியிருக்கும் வைட்சேப்பல் கலைக்கூடத்துக்குப் போகலாம். 2012இல் அதன் முகப்பில் வைட்ரீட் பொருத்திய பொன் முலாம் பூசிய வெண்கல இலைக் கொத்துகளும், அந்தக் கட்டடத்தின் சன்னல்களையே வார்த்தெடுத்த நான்கு சுடுமண் பலகைகளும் இருக்கின்றன. அண்ணாந்து பார்க்க வேண்டும். சாலையின் எதிர்ப்புறத்திலிருந்து பார்த்தால் நன்றாகத் தெரியும்.

இங்ஙனம்,
தங்கள் வாசகர்,
இல்ஃபோர்டு, லண்டன்